‘அது’ என்றால் எது?

வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் சொற்களும், அந்தத் தயக்கத்துக்கு யாரோ கொடுக்கும் விலையும்

“என்னம்மா பண்ணுது?”

“உடம்பு சரியில்லீங்க.”

“உடம்புல என்ன?”

“அடிவயிறு இழுத்துப் பிடிக்குது...”

மருத்துவர் சீட்டில் எழுதத் தொடங்குகிறார். பின்னால் நிற்கும் மருமகள் மாமியாரின் முழங்கையை மெல்ல இடிக்கிறார். அந்த அம்மா அறையை ஒருமுறை சுற்றிப் பார்க்கிறார். கதவருகே சீட்டுகளை அடுக்கியபடி ஓர் ஆண் ஊழியர். அடுத்த நாற்காலியில் யாரோ ஒருவரின் மகன். குரல் இன்னும் இறங்குகிறது.

“அது திரும்ப வருதுங்க.”

“எது?”

“அதாங்க... நின்னுபோனது.”

“எப்போலேர்ந்து?”

“தை மாசத்துலேர்ந்து.”

இப்போது ஆவணி.

அரசு மருத்துவமனைகளின் மகளிர் நோய்ப் பிரிவில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தால், இந்த உரையாடல் ஏதாவது ஒரு வடிவில் காதில் விழும். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பெண்ணுக்கு மறுபடி ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும் என்பது மருத்துவர்கள் ஓயாமல் சொல்வது. பலருக்குக் காரணம் சாதாரணமாகவே இருக்கும். சிலருக்கு அது கருப்பைப் புற்றுநோயின், அல்லது கருப்பைவாய்ப் புற்றுநோயின் முதல் அறிகுறி. அந்தச் சிலருக்குத் தை மாதத்துக்கும் ஆவணி மாதத்துக்கும் இடையே இருக்கும் தூரம் மிகப் பெரியது. பஸ் வசதி இருந்தது, மருத்துவமனை இலவசம், மகனும் மருமகளும் அக்கறையானவர்கள். இல்லாமல் போனது, கூச்சமில்லாமல் சொல்ல ஒரு சொல்.

தமிழர்கள் எந்தெந்தச் சொற்களைத் தவிர்க்கிறோம் என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரு பட்டியல் கிடைக்கும். அதில் பாதி அழகானது. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

லாபம், ரெண்டு, மூணு

அழகான பாதியை முதலில் பார்த்துவிடுவோம். களத்துமேட்டில் நெல் அளக்கிறவர் ‘ஒண்ணு’ என்று தொடங்க மாட்டார். முதல் மரக்காலுக்கு ‘லாபம்’ என்பார். பிறகுதான் ரெண்டு, மூணு. வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் ‘போறேன்’ என்றால் பாட்டிக்குச் சுருக்கென்றிருக்கும். ‘போயிட்டு வர்றேன்’ என்று திருத்தச் சொல்வார். விளக்கை அணைப்பதில்லை, குளிர வைக்கிறோம். பொழுது சாய்ந்தபின் பாம்பு ‘பூச்சி’ ஆகிவிடுகிறது. செத்தார் என்று சொல்லாமல் தவறிவிட்டார், காலமானார், இயற்கை எய்தினார் என்கிறோம். துக்க வீட்டு வாசலில் நிற்கிறவருக்கு அந்தச் சொற்கள் உண்மையிலேயே ஒரு தாங்கல். இவற்றில் யாருக்கும் தீங்கில்லை. கேட்கிறவர் மனம் நோகக் கூடாது என்ற அக்கறை இருக்கிறது.

■ பெட்டி: இலக்கணம் கொடுத்த அனுமதி

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், ஒரு சொல்லை விட்டு வேறொன்றால் சொல்வதைத் ‘தகுதி வழக்கு’ என்று பெயரிட்டு மூன்றாகப் பிரிக்கிறது.

இடக்கரடக்கல்: அவையில் சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது. ‘கால் கழுவி வந்தேன்’ என்பது பள்ளிப் பாடத்தில் எல்லாரும் படித்த எடுத்துக்காட்டு.

மங்கலம்: அமங்கலத்தை மங்கலமாக்குவது. சுடுகாடு ‘நன்காடு’ ஆவது. ஓலை ‘திருமுகம்’ ஆவது.

குழூஉக்குறி: ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் சொல். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது.

அவையில் சொல்லத் தகாததை மறைத்துச் சொல்லும் இந்த வழக்கத்தைத் தொல்காப்பியமும் பேசுகிறது.

இலக்கணம் வகுத்தவர்கள் நினைத்தது அவையை. சபையில் நாலு பேர் முன்னால் பேசுவதை. மருத்துவர் அறை அவை அல்ல. அம்மாவும் மகளும் இருக்கும் சமையலறை அவை அல்ல. காவல் நிலையமும் நீதிமன்றமும் உண்மையைச் சொல்லியே தீர வேண்டிய இடங்கள். சபைக்கு வைத்த கூச்சத்தை அங்கெல்லாம் கொண்டுபோய்விட்டோம். கோளாறு தொடங்கியது அதில்தான்.

மூன்று ஊர்கள், மூன்று நோய்கள்

சென்னையில் மூன்று இடங்களின் பெயரைத் தமிழ்நாடு முழுவதும் நோயின் பெயராகவே பயன்படுத்தியிருக்கிறோம். அடையாறு, கீழ்ப்பாக்கம், தாம்பரம் சானடோரியம்.

“அவரை அடையாறுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க” என்றால், திருநெல்வேலியிலும் தர்மபுரியிலும் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையில் தொடங்கிய பெரும் முயற்சி, 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக நின்றது. மறு ஆண்டு அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021 ஜனவரியில் மறையும்வரை அதைவிட்டு விலகவில்லை. மகசேசே விருதும் பத்ம விபூஷணும் பெற்ற அவர், கடைசிவரை எதிர்த்துப் போராடியவற்றில் ஒன்று இந்த நோயைச் சுற்றியிருந்த அச்சம். அவர்கள் கட்டியெழுப்பிய நம்பிக்கையின் பெயரை, நாம் பயத்தின் பெயராகச் சொல்லிவந்திருக்கிறோம்.

புற்றுநோய் மருத்துவர்கள் எல்லாருக்கும் பழக்கமான காட்சி இது. நோயாளியை வெளியே உட்காரவைத்துவிட்டு மகனும் மருமகனும் மட்டும் உள்ளே வருவார்கள். “அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், உடைஞ்சிடுவார்.” வெளியே அப்பா, சுவரில் இருக்கும் மருத்துவமனையின் பெயரைப் படித்தபடி உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தெரியும். பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் என்று அவரும் கேட்க மாட்டார். இரண்டு பக்கமும் பாசத்தால் எழுப்பிய சுவர்தான். ஆனால் அதன் நடுவில் அவர் தனியாக இருக்கிறார். வலியை யாரிடம் சொல்வது? சிகிச்சையை எதுவரை கொண்டுபோவது, நிலத்தை யார் பெயருக்கு எழுதுவது, பேத்தி கல்யாணத்தை முன்னால் வைத்துக்கொள்ளலாமா? எதையும் பேச முடியாமல் கடைசி மாதங்கள் போய்விடுகின்றன. நோயைவிட இந்தத் தனிமை கொடிது என்றே நினைக்கிறேன்.

கருப்பைவாய்ப் புற்றுநோயில் இந்த மௌனம் உயிரையே எடுக்கிறது. எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றி அது புற்றாக மாறப் பொதுவாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். மனித உடல் இவ்வளவு அவகாசம் கொடுக்கும் புற்றுநோய்கள் குறைவு. தடுப்பூசி இருக்கிறது. கருப்பை வாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்க்கும் எளிய சோதனையும் இருக்கிறது. முப்பது வயது கடந்த பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் செய்கிறார்கள். 90 சதவீதச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி, 70 சதவீதப் பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்ட 90 சதவீதம் பேருக்குச் சிகிச்சை என 2030-க்குள் எட்ட வேண்டிய இலக்கை உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வகுத்தது. இவ்வளவும் வந்து முட்டி நிற்பது ஒரு கேள்வியில்: “வீட்டுக்காரரோட இருந்த பிறகு ரத்தம் படுதா?” பதில் சொல்ல வேண்டியவர் தலையைக் குனிந்துகொள்கிறார். ‘வெள்ளைப்படுது’ என்பதைச் சொல்லவே அவருக்கு ஆறு மாதம் ஆகியிருக்கிறது. மார்பில் கட்டி என்றால் ‘நெஞ்சுக்கிட்ட’ என்பார். மருத்துவர் இதயத்துக்கு ஈ.சி.ஜி. எழுதிவிடும் ஆபத்துகூட உண்டு.

கீழ்ப்பாக்கத்தின் கதை இன்னும் கனமானது. 1794-ல் தொடங்கிய, நாட்டின் மிகப் பழைய மனநல மருத்துவ நிலையங்களில் ஒன்று அங்கே இருக்கிறது. அந்த ஊர்ப்பெயர் நம் சினிமா நகைச்சுவையிலும் வகுப்பறைக் கேலியிலும் வசைச்சொல். தூக்கமில்லாமல், காரணமில்லாத பயத்தில் தவிக்கும் பத்தொன்பது வயதுப் பையன் அந்தக் கேலியைக் கேட்டேதான் வளர்ந்திருக்கிறான். தனக்கு வந்தால் சொல்லுவானா? வீட்டிலும் ‘காத்து கருப்பு’, ‘யாரோ வச்சுட்டாங்க’, ‘ஒரு மாதிரி இருக்கான்’ என்ற சொற்கள்தான் கைவசம். சொல் எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் கால் போகிறது. மருத்துவரிடம் போகாமல் மந்திரிக்கிற இடத்துக்குப் போகிறது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். குணமாகும் என்ற நம்பிக்கையில் அந்த ஊர் தர்காவுக்கு அழைத்து வரப்பட்ட நோயாளிகளை வைத்துத்தான் அங்கே அத்தகைய காப்பகங்கள் நடந்தன. மனநலம் பாதித்தவரைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகவே தடை செய்கிறது.

சானடோரியம் 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கப்பட்டது. பிற்காலத்தில் எச்.ஐ.வி. நோயாளிகள் பெருமளவில் சிகிச்சை பெற்ற இடமும் அதுவே. அந்தப் பெயரில் ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. முன்பெல்லாம் அங்கே இறங்குகிறோம் என்று சொல்லத் தயங்கி, ‘தாம்பரம்’ என்று நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் உண்டு.

ஊரைக் கூட்டிச் சொல்வதும், மறுமாதம் மறைப்பதும்

மகள் பெரியவளானால் மண்டபம் பிடிக்கிறோம். தாய்மாமன் சீர் தட்டுகள் வரிசையாக வருகின்றன, தெருமுனையில் அவள் படம் போட்ட பேனர் நிற்கிறது. அவள் உடலில் என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். அடுத்த மாதம் அதே பெண்ணுக்கு வயிற்றுவலி என்றால், அதைச் சொல்ல வீட்டில் நேரான ஒரு சொல் கிடையாது. தூரம், வீட்டுக்கு விலக்கு, ஒதுங்கியிருக்கா, உட்கார்ந்துட்டா, டேட். கர்ப்பத்தைக்கூட இதை வைத்துத்தான் சொல்கிறோம்: முழுகாம இருக்கா. ‘தூரம்’, ‘விலக்கு’, ‘ஒதுங்கல்’ எல்லாமே அவளை எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்கின்றன. அவளுக்கு என்ன நடக்கிறது என்று எதுவும் சொல்லவில்லை.

விளைவு ரத்தக் கணக்கில் தெரிகிறது. தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருப்பதைத் தேசியக் குடும்பநல ஆய்வு தொடர்ந்து காட்டுகிறது. சாப்பாடு, வறுமை, குடற்புழு எனக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, மாதாமாதம் அளவுக்கு மீறிப் போகும் ரத்தம். எது அளவு, எது மீறல் என்று ஒரு பெண்ணுக்குத் தெரிய, இன்னொரு பெண்ணோடு பேசியிருக்க வேண்டும். ‘எல்லாருக்கும் இருக்கறதுதான்’ என்பதோடு பேச்சு முடிந்துவிட்டால், கருப்பையில் கட்டி இருப்பவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பார்.

கோவை அருணாசலம் முருகானந்தம் குறைந்த விலையில் நாப்கின் தயாரிக்கும் இயந்திரத்தை உருவாக்கி, 2016-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் தொடங்கியது மனைவி தன்னிடமிருந்து எதையோ மறைத்து எடுத்துப் போவதைக் கவனித்த நாளில். வளரிளம் பெண்களுக்கு நாப்கின் இலவசமாகத் தரும் ‘புதுயுகம்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2011-ல் கொண்டுவந்தது. பொருள் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மருந்துக் கடையில் அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுத் தருவது இன்னும் நிற்கவில்லை.

‘ஷேம் ஷேம்’ என்று ஓர் உறுப்பு

இரண்டு வயதுக் குழந்தைக்கு உடம்பைச் சொல்லிக்கொடுக்கும் விளையாட்டை நினைத்துப் பாருங்கள். கண் எங்கே? மூக்கு எங்கே? தொப்பை எங்கே? தொப்புள்வரை வந்து, நேராக முழங்காலுக்குத் தாவிவிடுகிறோம். இடையில் இருப்பதற்கு எத்தனையோ வீடுகளில் பெயர் ‘ஷேம் ஷேம்’. தன் உடலின் ஒரு பகுதிக்கு வெட்கம் என்றே பெயர் என்று அந்தக் குழந்தை கற்றுக்கொள்கிறது.

இதை நான் சாதாரண விஷயமாக எடுத்துக்கொள்ள மறுக்கிறேன். குழந்தைகள்மீது பாலியல் வன்முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் குழந்தைக்குத் தெரிந்தவர்கள்: உறவினர், அக்கம்பக்கத்தார், பாடம் சொல்லித்தருகிறவர். குழந்தை சொல்ல முயலும். “மாமா ஷேம் ஷேம் பண்ணாங்க” என்று சொல்லும். கேட்கிற பெரியவருக்கு அது கேலி செய்ததாகவோ, உடை மாற்றிவிட்டதாகவோ படும். “சரி, போய் விளையாடு.” குழந்தைக்கு இரண்டாவது முறை சொல்லத் துணிவு வராது. வெட்கம் என்று பெயரிடப்பட்ட இடத்தில் நடந்ததைத் தன் தப்பு என்றே அது எடுத்துக்கொள்ளும்.

2012-ன் போக்சோ சட்டம், குழந்தை பேசியபடியே வாக்குமூலத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது. பெரியவர்கள் தங்கள் நாகரிகத்துக்கு ஏற்ப மாற்றி எழுதக் கூடாது. அப்படிப் பதிவு செய்யக் குழந்தையிடம் ஒரு சொல் இருக்க வேண்டும் அல்லவா? அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே குற்றம். குடும்ப மானத்தின் பெயரால் மூடி வைப்பவருக்கும், பள்ளியின் பெயர் கெடும் என்று அமுக்கிவிடும் நிர்வாகிக்கும் அதில் தண்டனை உண்டு. பேசாமல் இருப்பதைச் சட்டம் குற்றமாக்கியது எத்தனை குழந்தைகளின் கண்ணீருக்குப் பிறகு என்பதை மறக்க முடியாது.

ஆண்குறி, பெண்குறி, மார்பு, ஆசனவாய். இவை பாடப்புத்தகத்தில் இருக்கும் சொற்கள். கை, கால் என்பதுபோன்ற அதே குரலில், குளிப்பாட்டும்போது சொல்லிக்கொடுக்கலாம். முதல் வாரம் நமக்குத்தான் நாக்கு எழாது. குழந்தைக்கு ஒரு சிரமமும் இருக்காது.

■ பெட்டி: பேச வேண்டியபோது

1098 – குழந்தைகளுக்கான உதவி எண்

181 – பெண்களுக்கான உதவி எண்

14416 – மனநல ஆலோசனைக்கான ‘டெலி மானஸ்’, தமிழிலும் பேசலாம்

■ பெட்டி: சட்டம் கைவிட்ட சொற்கள்

‘பைத்தியக்காரர்’ என்ற பொருளில் பெயரிடப்பட்ட 1912-ன் ஆங்கிலேயர் காலச் சட்டத்தின் இடத்தில் 1987-ல் மனநலச் சட்டம் வந்தது. 2017-ல் இன்னொரு புதிய சட்டம்.

தொழுநோயாளிகளை இழிசொல்லாலேயே பெயரிட்டுப் பிரித்து வைத்த 1898-ன் சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. மணமுறிவுக்குத் தொழுநோய் ஒரு காரணம் என்ற விதிகள் 2019-ல் போயின.

காந்தி 1930-களில் பரப்பிய ‘ஹரிஜன்’ என்ற சொல்லைத் தலித் மக்கள் ஏற்க மறுத்தார்கள். சாதிச் சான்றிதழ்களில் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று மத்திய அரசு 1982-ல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

‘போனோர்’ அல்ல

சொல்லைத் தவிர்ப்பது எளியவர்களின் பழக்கம் மட்டுமல்ல. அதிகாரத்துக்கும் அது பிடிக்கும். இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போரின் போதும் முடிவிலும் பிள்ளைகளையும் கணவர்களையும் இழந்த குடும்பங்கள், 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தைத் தொடங்கின. ‘காணாமல் போனோர்’ என்ற அரசுச் சொல்லை அவர்கள் ஏற்பதில்லை. ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்பதே அவர்களின் சொல். ‘போனோர்’ என்றால் தாமாகப் போனவர்கள்; ‘ஆக்கப்பட்டோர்’ என்றவுடன், ஆக்கியவர் யார் என்ற கேள்வி எழுந்து நிற்கிறது. பலர் தங்கள் கண் முன்னே படையினரிடம் ஒப்படைத்த பிள்ளைகளைத்தான் தேடுகிறார்கள். மரணச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளவும் மறுக்கிறார்கள். பதில் கிடைக்காமலே அந்தப் பெற்றோரில் பலர் இறந்தும் போனார்கள்.

“சொந்த ஊர்ல எந்தத் தெரு?”

வாடகைக்கு வீடு பார்க்கிறவர்களிடம் யாரும் சாதி கேட்பதில்லை. “சைவமா?” என்பார்கள். “சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்? குலதெய்வம் எங்க?” என்பார்கள். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவரின் முதுகைத் தோழமையோடு தடவிப் பார்ப்பவர்கள் உண்டு. “நம்மாளுங்களா?” என்று சிலர் நேராகவே கேட்டுவிடுவார்கள். சாதி என்ற சொல் மட்டும் வாயில் வராது. கேட்கப்படுகிறவருக்கு எல்லாம் புரியும். “நாளைக்குச் சொல்றோம்” என்று அனுப்பிவிடுவார்கள்.

கிராமத்தில் ‘ஊர்’ என்றால் ஒரு பகுதி, ‘காலனி’ என்றால் இன்னொரு பகுதி. காலனிக்காரர்கள் என்ற ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடும். அது ஆதிக்கத்தின், தீண்டாமையின் குறியீடாகிவிட்டது. ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஜூலையில் ஆதிதிராவிடர் நல விடுதிகள் உட்பட அரசு மாணவர் விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் வந்தது. தெருக்களின் சாதிப்பெயர்களை மாற்றும் அரசாணை அக்டோபரில் வந்தது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் தலித் மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழுவும், பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் கூடாது என்று பரிந்துரைத்திருந்தது.

இவை தேவையான மாற்றங்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முகவரி எழுதும்போதெல்லாம் ஒரு பிள்ளை கூசிப்போவதை எந்தக் காரணம் சொல்லியும் நியாயப்படுத்த முடியாது. ‘மாற்றுத்திறனாளி’, ‘திருநங்கை’ என்ற சொற்கள் அரசு ஆணையிலிருந்து தெருப்பேச்சுவரை இறங்கி வந்ததைக் கண்முன்னே பார்த்திருக்கிறோம். திருநங்கை என்ற சொல்லோடு 2008-ல் ஒரு நலவாரியமும் வந்தது. குடும்ப அட்டை கிடைத்தது, மருத்துவம் கிடைத்தது. சொல்லின் பின்னால் ஏதோ ஒன்று வந்ததால்தான் அது நிலைத்தது.

பின்னால் எதுவும் வராவிட்டால்? வார்டுகளில் குப்பை அள்ளுகிறவர்களும் சாக்கடை சுத்தம் செய்கிறவர்களும் ஒரு காலத்தில் சாதிப்பெயராலேயே அழைக்கப்பட்டார்கள். பிறகு ‘துப்புரவுப் பணியாளர்’ ஆனார்கள். 2020-ல் தமிழ்நாடு அரசு ‘தூய்மைப் பணியாளர்’ என்று மாற்றியது. கொரோனா காலத்தில் காலில் விழுந்து வணங்கினோம், மாலை போட்டோம், முன்களப் பணியாளர் என்றோம். 2025 ஆகஸ்டில், சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தியது. அவர்கள் புதுப் பெயர் எதையும் கேட்டு அங்கே வரவில்லை. எங்கள் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே, சம்பளத்தைக் குறைக்காதே, பணியை நிரந்தரமாக்கு என்றார்கள்.